கோட்டை மலையில் அரைப் பேரு

(கடுகண்ணாவைக்குக் கீழே பலன ஸ்டேசன். ரயில் போய்விட்டது. ஆயுசில் பாதியைக் கொழுந்து பறித்தே கழித்த பார்வதி, காலில் ரப்பர் செருப்பு, கையில் ஒரு சொப்பிங் பை. தம்பி செல்வம் கொழும்பில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுபவர். புதுச் சப்பாத்து, தொப்பி, மடக்குத் தடி, முதுகில் ஒரு மூட்டை. இமயமலைக்குக் கிளம்பிய ஆள் தூக்கத்தில் இங்கே இறங்கிவிட்டாரோ என்று தோன்றும்.)

பார்வதி: ஏன்டா தம்பி, மேல கோயில் ஏதும் இருக்கா?

செல்வம்: கோயில் இல்லக்கா. கோட்டை. கண்டி ராசா காலத்துக் காவல் கோட்டை.

பார்வதி: அங்க இப்ப யாரு இருக்கா?

செல்வம்: ஒருத்தரும் இல்ல. சும்மா காட்டு வழியா நடந்து போய்ப் பார்த்துட்டு வர்றதுதான். மனசுக்கு நல்லதாம். கொழும்புல எல்லாரும் இதைத்தான் செய்றாங்க.

பார்வதி: முதுகுல கூடை இல்லாம, பின்னாடி கங்காணி வெரட்டாம, கைக்காசு செலவழிச்சு மலை ஏறுறாங்களா? சரி, நட.

(கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்கள்.)

செல்வம்: ஐயோ, அட்டை! அக்கா, அட்டை ஏறாத காலுறைன்னு சொல்லி மூவாயிரத்தைந்நூறு வாங்கினானே!

பார்வதி: அட்டை அந்த விளம்பரத்தைப் பார்க்கலை போல. காலை நீட்டு. (பையிலிருந்து சவுக்காரக் கட்டி எடுத்துத் தேய்க்கிறார்.) இதைக் கிளம்பும்போதே தேய்ச்சிருக்கணும்.

செல்வம்: கொஞ்சம் நிப்போம். மூச்சு வாங்கலை... வரலாறு சொல்லணும், அதான். (போனைப் பார்த்து) கண்டிக்கு ஏற இதுதான் வாசல். 1594ல பெத்ரோ லோபஸ் த சூசாங்கிற போர்த்துக்கீசத் தளபதி இந்தக் கணவாய் வழியாத்தான் போனான். தந்துரேயில வச்சு அவன் படை மொத்தமும் அழிஞ்சிச்சு.

பார்வதி: அதோட விட்டாங்களா?

செல்வம்: எங்க விட்டாங்க? 1603ல அசவேதுன்னு இன்னொருத்தன். அவன் இந்தக் கோட்டையையே பிடிச்சிட்டான். ஆனா அவன் படையில பாதிக்கு மேல நம்ம நாட்டு ஆளுங்க, லஸ்கரீன்னு சொல்வாங்க. அவங்க கண்டி ராசா பக்கம் மாறிட்டாங்க. அசவேது வந்த வழியே அடி வாங்கிக்கிட்டு இறங்கி ஓடினான்.

பார்வதி: பேருக்கு எவ்வளவு குடுத்தானாம்?

செல்வம்: எந்தப் பேருக்கு?

பார்வதி: நாள் சம்பளத்தைக் கேக்குறேன்டா. தோட்டத்துல ஒரு நாள் வேலைன்னா ஒரு பேரு. ஆளுங்க சும்மா வேலையை விட்டு எறங்க மாட்டாங்க. எங்க டிவிசன்ல ஸ்ட்ரைக் வந்தப்ப எல்லாம் முதல்ல கணக்குப் புத்தகத்தைத்தான் பார்க்கச் சொல்வோம்.

செல்வம்: அதெல்லாம் இதுல போடலைக்கா. சிக்னலும் போயிருச்சு.

பார்வதி: அப்ப வரலாறு முடிஞ்சிருச்சா?

செல்வம்: மிச்சம் எனக்கே தெரியும். 1867ல கண்டிக்கு ரயில் வந்துச்சு. கோப்பி ஏத்தத்தான்.

பார்வதி: அதுக்கு முந்தி கோப்பித் தோட்டத்துக்கு ஆளுங்க எப்படி வந்தாங்க? தலைமன்னார்ல இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டுக்குள்ளதான். பாம்பு, காய்ச்சல், தண்ணி இல்ல, வழியிலேயே எத்தனையோ பேரு போய்ச் சேர்ந்தாங்க. 2023ல அதை நினைச்சு அந்த வழியிலேயே நடந்தாங்களே, டிவியில காட்டினான். நம்ம பாட்டன் பூட்டனுக்கு யாருடா தடி குடுத்தது?

செல்வம்: தடியை நீங்க புடிங்க. மூட்டையையும்.

பார்வதி: மூட்டையில என்ன?

செல்வம்: தண்ணி, பிஸ்கட், மழைக் கோட்டு, அவசரத்துக்கு ஒரு கயிறு.

பார்வதி: கயிறு எதுக்கு? உன்னைக் கட்டி இழுக்கவா?

(உச்சி. பார்வதி எப்போதோ வந்து வெற்றிலை போட்டாயிற்று. செல்வம் மானாப் புல்லைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்கிறார்.)

பார்வதி: கோட்டை எங்க?

செல்வம்: நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, அதான்.

பார்வதி: இது இடிஞ்ச கல்லுக்கட்டு. எங்க லயத்துப் பின்செவுரு இதைவிடப் பரவாயில்ல. (எழுந்து நாலு பக்கமும் பார்க்கிறார். சட்டென்று குரல் மாறுகிறது.) ஆனா இடம் பிடிச்சவன் கெட்டிக்காரன்டா. அந்தா பைபிள் ரொக் மலை. கீழ ரோட்டு, ரயில் பாதை எல்லாம் தெரியுது. ஒருத்தன் தலை சொறிஞ்சாக்கூடத் தப்ப முடியாது. ராசா ஒரு பழைய கங்காணியைக் கேட்டுத்தான் கட்டியிருப்பாரு.

செல்வம்: நான் இதைப் போட்டோ எடுத்துப் போடணும். "நான் வென்ற மலை"ன்னு.

பார்வதி: நீ வென்றியா? பாதி வழியில மூட்டையை என்கிட்ட குடுத்தவனுக்கு அரைப் பேருதான் போடுவாங்க.

செல்வம்: சரி, அரைப் பேரு. அடுத்த ஞாயித்துக்கிழமை அலகல்ல மலைக்குப் போவோமா? நீங்க வந்தா எனக்குத் தைரியம்.

பார்வதி: ஞாயித்துக்கிழமையா?

செல்வம்: ஆமா.

பார்வதி: ஞாயித்துக்கிழமைன்னா ஒன்றரைப் பேரு. மூட்டைக்குத் தனி. காசை முன்னாடியே அனுப்பிரு.