சுவர் நேரா நின்னா என்ன குறைஞ்சிடும்?

பொம்மை ரயிலுக்காக நான் செய்யுற குட்டி ஸ்டேஷனோட சுவர் மறுபடியும் தொப்பை போட்டுடுச்சு. ஒட்டினப்போ நேரா இருந்துச்சு. தட்டையான கண்ணாடி மேல படுக்கப்போட்டு, மேல எடை ஏத்தி, மூலைமட்டம் வச்சுப் பார்த்தப்பவும் நேராத்தான் இருந்துச்சு. பெயிண்ட் அடிச்சு, செங்கல் இடுக்குல சாந்துக் கலர் ஏத்தி, கூரையைக் கொண்டுவந்து வச்சா நடுவுல 3 மி.மீ. இடைவெளி. அசலை 87 மடங்கு சுருக்கின 1:87 அளவுல 3 மி.மீ.ன்னா அசல் ஸ்டேஷன்ல 26 செ.மீ.! ஒரு ஆள் கையை உள்ள விட்டு டிக்கெட் வாங்கிடலாம்.

இதுக்குத்தான் அந்தச் சுவருக்கு அவ்வளவு உபசாரம். 160 மி.மீ. நீளம், 1 மி.மீ. ஸ்டைரீன்ங்கிற பிளாஸ்டிக் ஷீட். பத்து ஜன்னல். ஒவ்வொண்ணுக்கும் நாலு மூலையிலயும் துளை போடணும், அப்புறம் மூலையில கத்தியை வச்சு நடுவை நோக்கி இழுக்கணும். ஒரே அழுத்துல வெட்டினா கத்தி மூலையைத் தாண்டி ஓடிடும், அதனால மெதுவா ஆறேழு தடவை. கோட்டுக்கு உள்ளேயே 0.2 மி.மீ. விட்டு வெட்டி, மிச்சத்தை அரத்தால ராவணும். ஆக நாற்பது துளை, நாற்பது விளிம்பு. வெட்டின ஓரமெல்லாம் லேசா வரப்பு எழும்பி நிக்கும், அதை உப்புத்தாள்ல தேய்ச்சு எடுக்கலைன்னா எந்த மூட்டும் மூடாது. சுவரோட ரெண்டு முனையையும் 45 டிகிரிக்குச் சாய்ச்சுத் தேய்க்கணும், இல்லைன்னா மூலையில செங்கல் படம் போடாத வெள்ளைப் பிளாஸ்டிக் பல்லைக் காட்டும். செங்கல் வரிசையும் மூலையைச் சுத்தி ஒண்ணுக்கொண்ணு சேரணும். மூணு வரிசை எட்டு அங்குலம்னு கணக்கு வச்சா, ஒரு வரிசை 0.78 மி.மீ.தான். அதுல பாதி நகர்ந்தாலும் அறையோட அந்தக் கோடியில நிக்கிறவன் கண்ணுலகூட முதல்ல அதுதான் படும்.

இத்தனையும் முடிச்ச பிறகு வருது பாருங்க, செய்முறை எழுதுற மகானுபாவர்களோட அந்த ஒத்த வரி: "செங்கல் தாளைச் சுவரின் மேல் ஒட்டிக் காயவிடவும்." அவ்வளவுதான்! கதவுக் கைப்பிடிக்கு ரெண்டு பக்கம் எழுதத் தெரியுது, அது எந்தக் கம்பியில வளைக்கணும்னு படம் போடத் தெரியுது, வீடே இடிஞ்சு விழற இடத்துக்கு அரை வரி!

ஒட்டுற திரவம் உண்மையில பசையே கிடையாது. ரெண்டு ஷீட்டோட மேல்தோலையும் கரைச்சு ஒண்ணாக்குற கரைப்பான். 1 மி.மீ. சுவருக்கும் செங்கல் வரி பதிச்ச 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தாளுக்கும் நடுவுல அதைத் தாராளமாத் தடவி அமுக்கினா, அந்த ஆவி எங்கே போகும்? வெளியேற வழி இல்லை. உள்ளேயே கிடந்து வாரக்கணக்குல பிளாஸ்டிக்கை இளக்கிட்டே இருக்கும். மெல்ல மெல்ல வெளியேறும்போது ஒட்டின பக்கம் சுருங்கும், மறுபக்கம் சுருங்காது. சுவர் வளையாம என்ன செய்யும்? காலையில தொட்டுப் பார்த்தா காய்ஞ்ச மாதிரிதான் இருக்கும், அதுதான் அதோட நயவஞ்சகம்.

வைத்தியம் ஒண்ணும் ரகசியமில்லை. பின்னால இருக்கிற ஷீட்ல ரெண்டு ரெண்டு செ.மீ.க்கு ஒரு துளை, ஆவி போறதுக்கு. கரைப்பானைக் குளிப்பாட்டாம, தூரிகை நுனியால ஜன்னல் ஓரத்துலயும் துளையிலயும் தொட்டு வச்சா இடுக்குக்குள்ள தானே ஓடிடும். முன்னால 0.5 மி.மீ. தாள் ஒட்டினா, பின்னாலயும் அதே 0.5 ஒட்டிச் சமன் பண்ணணும். 6 மி.மீ. பட்டையை நிமிர்த்தி வச்சு மூணு செ.மீ.க்கு ஒண்ணா முட்டுக் கொடுக்கணும். கட்டடத்தை நாலு பக்கமும் அடைச்ச பெட்டியாக்காம தரையில பெரிய ஓட்டை விடணும். ஒரு அரை வரியை ஆறு வரியாக்கினா முடிஞ்சுது. எழுதமாட்டாங்க. எழுதினா அடுத்த பக்கத்து அழகான போட்டோவுக்கு இடம் பத்தாதுல்ல?

வளைஞ்ச பிறகு ஆலோசனை சொல்ல மட்டும் ஆயிரம் பேர். "ஹேர் டிரையரைக் காட்டுங்க, நேராயிடும்." ஆகும். சுவர் நேராகும், செங்கல் வரி உருகி மழுங்கிடும், ஜன்னல் சட்டம் கோணிக்கும். ஸ்டைரீன் 100 டிகிரியை நெருங்கினாலே இளக ஆரம்பிச்சிடும், ஹேர் டிரையருக்கு எது சுவர், எது சட்டம்னு தெரியவா போகுது?

சரி, எப்படியோ உள்ளே முட்டு வச்சு இழுத்து நிமிர்த்தியாச்சுன்னு வைங்க. நிமிர்ந்த சுவர்ல ஜன்னலுக்குக் கண்ணாடித் தாள் ஒட்டணும். கைக்கு எட்டுனது சூப்பர் க்ளூ. ஒன்பது ஜன்னல் தெளிவா இருக்கும், பத்தாவது பால் ஊத்தின மாதிரி வெளுத்துப்போகும். அந்தப் பசையோட ஆவி தெளிவான பிளாஸ்டிக் மேல படிஞ்சா அப்படித்தான். வெள்ளைப் பசையை ஊசிமுனையில தொட்டு வச்சிருந்தா வம்பே இல்லை. இந்த வெளுத்த ஜன்னலைப் பார்த்தா சிரிப்புதான் வருது. போகட்டும், ஸ்டேஷன் மாஸ்டர் உள்ளே குளிக்கிறார்னு சொல்லிக்கலாம்.

ஆனா இந்த பிரிண்டரை மன்னிக்கவே முடியாது. சுவர் வெட்டுறதுக்கான வரைபடத்தை அச்சடிக்கக் கொடுத்தா, யாரும் கேட்காமலே "பக்கத்துக்குள் பொருத்து"ன்னு தானே டிக் போட்டுக்கிட்டு 97 சதவீதமாச் சுருக்கித் துப்புது. 160 மி.மீ. சுவர் 155.2 ஆயிடும், 10 மி.மீ. ஜன்னல் ஓட்டை 9.7 ஆயிடும், கடையில வாங்கின சட்டம் எந்த ஓட்டையிலயும் நுழையாது. ஓரத்துல 100 மி.மீ. கோடு ஒண்ணு போட்டு, அச்சான தாளை ஸ்கேல் வச்சு அளந்தாத்தான் குட்டு வெளிப்படும். உன்னை யாருய்யா பொருத்தச் சொன்னது?