பர்மாக்காரன் அனுப்பிய புயல்

எங்கள் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு செய்தி வந்தது. "எந்த நாடு பெயர் வைக்கிறதோ அந்த நாடுதான் புயலை அனுப்புகிறது. 2020லேயே பட்டியல் தயார். வராத புயலுக்குப் பெயர் எப்படி வந்தது? சிந்திப்பீர்!" கீழே தேவகோட்டைப் பெரியப்பச்சி, "மிக்ஜாம் பர்மாக்காரன் வைத்த பேருதானே. நம்ம நிலத்தைப் பிடுங்குனது போதாதா அவனுக்கு?" என்று எழுதியிருந்தார். பதினாறு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

அவர் கோபம் எனக்குப் புரியும். 1930களின் கடைசியில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் எங்கள் நகரத்தார் கையில் இருந்தது. 1948 நாட்டுடைமைச் சட்டத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் மிஞ்சியவை தேக்குத் தூண்களும், பெட்டியில் மடித்து வைத்த பத்திரங்களும்தான்.

அதற்காகப் புயலையுமா அவன் கணக்கில் எழுதுவது? 13 நாடுகள் ஆளுக்கு 13 பெயர் கொடுத்திருக்கின்றன, மொத்தம் 169. வரிசைப்படி எடுத்து வைப்பது டெல்லியில் இருக்கும் நம் வானிலைத் துறை. நம் வீடுகளில் மூத்த பையனுக்கு ஐயா (அப்பாவின் அப்பா) பெயர் என்பது, அவன் அப்பனுக்குக் கல்யாணம் ஆகும் முன்பே முடிவான விஷயம். அதனால் ஐயாவா அவனைப் பெற்றார்?

இந்தியா வைத்த 'கதி' 2020 நவம்பரில் சோமாலியாவில் கரையேறியது. 2023இல் நம்முடைய 'தேஜ்' ஏமனுக்குப் போனது. அவர்கள் எந்தக் குழுவில் நம்மைத் திட்டினார்களோ! 'முரசு' என்ற நம் தமிழ்ப் பெயரும் பட்டியலில் இருக்கிறது.

வானிலையை மாற்ற வல்லரசுகள் முயன்றதே இல்லையா என்றால், முயன்றிருக்கிறார்கள். 1967 முதல் 1972 வரை அமெரிக்கா, மழை பெய்து வட வியட்நாமியப் படைகளின் பாதை சேறாக வேண்டுமென்று மேகங்களில் வெள்ளி அயோடைடு தூவியது. அதுவும் ஏற்கெனவே திரண்டு நின்ற மேகத்தில்தான். புயலுக்கு அந்தப் பொடி போதாது. பரந்த கடல் 26.5 டிகிரிக்கு மேல் சூடாகிக் கிடக்க வேண்டும். அந்தச் சூட்டைக் கூட்டியதில் எல்லா நாட்டுப் புகைக்கும் பங்குண்டு. பணக்கார நாடுகளுக்குப் பங்கு ரொம்பவே அதிகம். அதைப் பற்றி மட்டும் குழுவில் ஒரு செய்தியும் வருவதில்லை.

2018 கஜாவில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். முற்றத்து மழை வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போய்ச் சேரும் என்றுதான் வீடு கட்டியவர்கள் கணக்குப் போட்டார்கள். வீட்டுக்குள் அந்தக் கணக்கு இன்னும் சரியாக இருக்கிறது. வெளியே வரத்துக்காலைக் காணோம். மேலே கார் நிறுத்தச் சிமெண்டுத் தளம், அதற்கடுத்து ஒரு கடை. தளம் போட்டது எங்கள் பங்காளிகளில் ஒருவர். எந்த அந்நிய சக்தியும் வந்து போடவில்லை. தூர்வார ஆளுக்கு ஐந்நூறு போடலாம் என்று அதே குழுவில் எழுதினேன். இரண்டு கட்டைவிரல் வந்தது.

ஐயா பெயர் உதாரணத்தைப் பெரியப்பச்சிக்குப் போனில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அது சரி, அடுத்த புயலுக்கு எந்த நாடு பேர் வைக்குது? பார்த்துச் சொல்லுப்பா" என்றார்.