பேஸ்புக்கிடம் பணம் வாங்கியவர் வலைப்பதிவர் அல்லர்

2011-இல் பேஸ்புக்கிடம் பணம் பெற்று வலைப்பதிவர்கள் கூகுளைத் தாக்கி எழுதினார்கள் என்று சொல்வது நடந்ததைத் தலைகீழாக்குகிறது. பணம் பெற்றது பர்சன்-மார்ஸ்டெல்லர் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம். கூகுளின் தனியுரிமை மீறல் குறித்து ஒரு கட்டுரை எழுதினால் அதை வரைந்து தரவும் முன்னணி இதழ்களில் இடம்பெறச் செய்யவும் உதவுவதாக, அந்நிறுவனம் கிறிஸ்டோபர் சொகோயன் என்ற ஆய்வாளருக்கு, அவரும் வலைப்பதிவர்தான், மின்னஞ்சல் அனுப்பியது. இதற்குப் பணம் தருவது யார் என்று அவர் கேட்டார். வாடிக்கையாளரின் பெயரைச் சொல்ல இயலாது என்று பதில் வந்ததும், மறுத்ததோடு நில்லாமல் அந்தக் கடிதப் போக்குவரத்து முழுவதையும் இணையத்தில் வெளியிட்டுவிட்டார். அதன் பிறகே யுஎஸ்ஏ டுடே என்ற அமெரிக்க நாளிதழ் இதைச் செய்தியாக்கியது. வாடிக்கையாளர் பேஸ்புக் என்பதை டெய்லி பீஸ்ட் என்ற செய்தித் தளம் வெளிக்கொணர்ந்தது. இந்த வேலையில் ஈடுபட்ட பர்சன்-மார்ஸ்டெல்லர் ஊழியர் இருவருமே முன்னாள் பத்திரிகையாளர்கள் என்பதை, வலைப்பதிவர்களுக்கு மட்டும் அறம் கற்பிக்க முனைவோர் கவனிக்க வேண்டும். பெயரை மறைத்து அப்பணியை ஏற்றது தன் கொள்கைக்கே முரணானது என்று பர்சன்-மார்ஸ்டெல்லரே பின்னர் ஒப்புக்கொண்டது.