இயந்திரத்தால் முடியாதது எது என்று கேட்பதை நிறுத்துவோம்

செயற்கை நுண்ணறிவைப் பற்றி நம் ஆலயங்களிலும் கல்லூரிகளிலும் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஆறுதலைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இயந்திரம் எவ்வளவு வளர்ந்தாலும் மனிதனால் மட்டுமே செய்ய முடிந்த ஏதோ ஒன்று மிஞ்சியிருக்கும், அந்த ஒன்றில்தான் மனித மாண்பு அடங்கியிருக்கிறது என்பது அவர்கள் வாதம். எனக்கு இது ஆறுதலாகப் படவில்லை. சதுரங்கம் ஆடாது என்றார்கள், ஆடியது. மொழிபெயர்க்காது என்றார்கள், செய்கிறது. கவிதை எழுதாது என்றார்கள், சுமாராகவேனும் எழுதிவிடுகிறது. மாண்பைத் திறமையின் மேல் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போதும் ஓரடி பின்னால் நகர்ந்து, இதோ இந்த இடம் மட்டும் எங்களுடையது என்று கோடு கிழித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அந்தக் கோட்டுக்கு வெளியே பச்சைக் குழந்தையும், நினைவு தப்பிய பாட்டியும், படுத்த படுக்கையாகிவிட்ட தகப்பனும் ஏற்கெனவே நிற்கிறார்கள் என்பதை யாரும் கவனிப்பதில்லை.

கிறிஸ்தவத் துறவு மரபு மாண்பை இந்த இடத்தில் வைத்ததே இல்லை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தியத் துறவியரைப் பற்றி எழுதிய ஜான் காசியன், பவுல் என்றொரு துறவியைக் குறிப்பிடுகிறார். ஊர்கள் ஏழு நாள் நடைக்கும் அப்பால் இருந்தன. கூடை முடைந்து விற்கப் போனால் விலையைவிட வண்டிக்கூலி அதிகம். பேரீச்சையும் சிறு தோட்டமும் அவர் வயிற்றுக்குப் போதுமாக இருந்தன. ஆனாலும் அவர் நாள்தோறும் பனையோலை சேகரித்து, அதை விற்றுத்தான் பிழைக்க வேண்டும் என்பவரைப் போலத் தமக்குத் தாமே அளவு வைத்து வேலை செய்தார். ஆண்டு முடிவில் குகை நிறைந்ததும் அத்தனையையும் தீயிட்டுக் கொளுத்திவிட்டு மறுபடி தொடங்கினார். உற்பத்தித்திறன் பேசும் எந்த மேலாளருக்கும் இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். எனக்கோ, வேலையின் பயன் சரக்கில் மட்டும் இல்லை, அதைச் செய்கிறவன் அதனால் என்ன ஆகிறான் என்பதிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிடக் கூர்மையான சான்று கிடைக்கவில்லை.

இதைத் திருப்பூரில் இருந்துகொண்டு எழுதுவதால், எகிப்தோடு நிறுத்திவிட முடியாது. எங்கள் தெருவில் உள்ள அக்கா ஒருவர் பல ஆண்டுகளாகப் பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்த்தவர். அடியில் டியூப் லைட் எரியும் சாய்ந்த பலகையின் மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டை, எண்ணெய்க் கறை, நெடுகிலும் மயிரிழையாக ஓடும் நீடில் லைன் ஆகியவற்றைக் கண்டதும் காலால் மிதித்து நிறுத்தி, ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு மறுபடி ஓடவிடுவார். கோடு விழும் விதத்தைப் பார்த்தே எந்த நிட்டிங் மெஷினில் ஊசி தேய்ந்திருக்கிறது என்று சொல்லியனுப்புவார் என்பார்கள். அந்த இடத்தில் இப்போது கேமரா பொருத்திவிட்டார்கள். அவரைப் பிசிறு வெட்டும் வேலைக்கு மாற்றி, ஷிப்டு சம்பளத்தையும் குறைத்தார்கள். "கண்ணு மங்கிப்போச்சுன்னு சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்குமுங்க. இனி நீங்க வேண்டாமுன்னு அந்த சூப்பர்வைசர் பையன் மூலமாச் சொல்லியனுப்புறாங்க" என்றார்.

அந்த அக்காவின் கண்ணுக்கு ஈடாக எந்தக் கேமராவும் வராது என்று எழுதினால் விருப்பக் குறிகள் குவியும். ஆனால் அது உண்மையில்லை. ஒன்றரை ஷிப்டு முடியும் நேரத்தில் மனிதக் கண் விட்டுவிடுகிற கோட்டைக் கேமரா பெரும்பாலும் விடுவதில்லை. அவருடைய மாண்பு அவருடைய கண்ணில் இருந்ததே இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. இருந்திருந்தால் கேமரா அதை நியாயமாகவே எடுத்துக்கொண்டு போயிருக்கும்.

ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட், நம் பெரியவர்கள் ஆசீர்வாதப்பர் என்று அழைக்கும் அவர், தம் மடத்துக்கு எழுதிய ஒழுங்குநூலில் கைத்தொழில் தெரிந்த துறவியரைப் பற்றி ஓர் அதிகாரம் இருக்கிறது. தன் திறமையால் மடத்துக்கு வருமானம் வருகிறது என்று ஒருவன் செருக்கடைந்தால், அவனை அந்தத் தொழிலிலிருந்து விலக்கிவிட வேண்டும் என்கிறார். கடுமையான விதிதான். ஆனால் விலக்கப்பட்டவன் மடத்தை விட்டு விலக்கப்படுவதில்லை; உணவறையில் அவன் இடமும், செபக்கூடத்தில் அவன் இருக்கையும் அப்படியே இருக்கின்றன. தொழில் வேறு, இடம் வேறு. நலிந்தவர்களுக்கும் நோயாளிகளுக்கும், அவர்கள் சும்மாவும் இருக்காமல், சுமையால் நசுங்கிப் போகாமலும் இருக்கும்படியான வேலையைத் தேடிக் கொடுக்க வேண்டும் என்று வேலையைப் பற்றிய 48ஆம் அதிகாரமும், நோயாளியைப் பேணுவது எல்லாவற்றுக்கும் முந்தியது என்று 36ஆம் அதிகாரமும் சொல்கின்றன. வேலைக்கு ஏற்ற ஆளைத் தேடுவதுதான் நாம் அறிந்த உலகம்; ஆளுக்கு ஏற்ற வேலையைத் தேடுவது அவர் நடத்திய உலகம்.

கொங்கின் கிழக்கெல்லையாகப் பழைய வெண்பா சொல்லும் குளித்தலையின் அருகிலேயே, தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில், 1950இல் இரண்டு பிரெஞ்சுத் துறவியர் தொடங்கிய சாந்திவனம் ஆசிரமம் இருக்கிறது. 1968இல் அங்கு வந்து சேர்ந்த, பெனடிக்ட் சபைத் துறவியான பீட் கிரிஃபித்ஸ் ஆக்ஸ்போர்டில் படித்தவர், உலகம் முழுவதும் வாசிக்கப்பட்ட நூல்களை எழுதியவர். பக்கவாதம் மீண்டும் மீண்டும் தாக்கி அந்த அறிவையும் பேச்சையும் தளர்த்திய கடைசி மாதங்களிலும், 1993 மே மாதம் அவர் இறக்கும்வரை, ஆசிரமத்தில் இருந்தவர்களே அவரைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டிப் பேணினார்கள். நூல் எழுதிய நாளில் இருந்த மதிப்பு அன்று ஓர் அணுவளவும் குறைந்ததாக அங்கு யாரும் நினைக்கவில்லை.

வத்திக்கான் 2025 ஜனவரியில் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு பற்றிய ஆவணமும், ஒருவருடைய மதிப்பு அவருடைய திறன்களையோ அறிவுச் சாதனைகளையோ வெற்றியையோ சார்ந்ததல்ல, கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர் என்பதையே சார்ந்தது என்கிறது. தொழிலாளியின் திறமையை மழுங்கடித்து, இயந்திரத்தின் வேகத்துக்கு அவரை ஓடவைக்கும் ஆபத்தையும் அது குறிப்பிடுகிறது. அதே ஆண்டு மே மாதத்தில் திருத்தந்தையான 14ஆம் லியோ, 1891இல் தொழிலாளர் நிலை குறித்துச் சுற்றுமடல் எழுதிய 13ஆம் லியோவை எண்ணியே அந்தப் பெயரை ஏற்றதாகக் கர்தினால்மாரிடம் சொன்னார். செயற்கை நுண்ணறிவை இன்னொரு தொழிற்புரட்சியின் பகுதியாகவே பார்க்கிறார். மறையுரைகளில் இவையெல்லாம் அரிதாகவே வருகின்றன. பங்கு வாட்ஸ்அப் குழுவிலோ, இது அந்திக்கிறிஸ்துவின் கருவி என்று மாதம் ஒரு ஒலிப்பதிவு தவறாமல் வந்துவிடுகிறது. இயந்திரத்தைக் கண்டு அஞ்சியவர்கள் அல்லர் துறவியர். பெனடிக்டின் ஒழுங்குநூலையே பின்பற்றிய சிஸ்டெர்சியன் சபையின் 12ஆம் நூற்றாண்டு மடங்களில் ஆற்றை வாய்க்காலாகத் திருப்பி மாவரைக்கவும், துணியை அடித்துத் திண்ணமாக்கவும், தோல் பதனிடவும் விட்டிருந்தார்கள். சக்கரம் மிச்சப்படுத்திய நேரத்தை மடத்திலிருந்தவர்கள் செபத்துக்கும் வாசிப்புக்கும் எடுத்துக்கொண்டார்கள் என்பதே வேறுபாடு. இங்கே கேமரா மிச்சப்படுத்திய நேரம் யாருக்குப் போகிறது?

மடமும் கம்பெனியும் ஒன்றல்ல என்று முதலாளி நண்பர்கள் சொல்வார்கள். ஆர்டர் கையை விட்டுப் போனால் எல்லோருக்கும்தான் வேலை போகும் என்பதை நானும் அறிவேன்; சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்கும் தரத்தை இரக்கத்தால் கொடுக்க முடியாது. ஆனால் கேமரா வந்த பிறகு டேமேஜ் குறைந்து கிடைத்த ஆதாயத்தில் ஒரு பங்கை அந்த அக்காவின் ஷிப்டு சம்பளத்தைக் குறைக்காமல் காப்பாற்றச் செலவிட்டிருந்தால், எந்த ஆர்டரும் போயிருக்காது. அந்தக் கேமராவுக்குக் கற்றுக்கொடுத்ததும் மனிதர்கள்தானே. எது ஓட்டை, எது கறை என்று ஆயிரக்கணக்கான படங்களில் கட்டம் வரைந்து பெயர் கொடுப்பது இந்தத் தொழிலின் அடிப்படை வேலை. இத்தகைய வேலையைக் கோவையிலும் சேலத்திலும் பட்டம் முடித்த பிள்ளைகள் நாள் முழுக்கத் திரை முன் அமர்ந்து செய்கிறார்கள். மடத்தின் பாத்திரங்களையும் கருவிகளையும் பீடத்தின் திருக்கலங்களைப் போலப் பாவிக்க வேண்டும் என்று பண்டகக் காப்பாளனுக்குச் சொன்னவர் பெனடிக்ட். கருவிக்கே அந்த மரியாதை என்றால், கருவிக்குக் கண் கொடுத்த பிள்ளைகளுக்கு என்ன மரியாதை என்று கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பக்கத்தைப் படிக்கிற முதலாளிகளில், குறிப்பாக ஞாயிறு தவறாமல் முன்வரிசையில் அமர்கிறவர்களிடம், உடனே செய்யக்கூடிய ஒன்றைக் கேட்கிறேன். முக்கியமான முடிவு எதையும் எடுக்கும் முன் மடத்திலுள்ள அனைவரையும் கூட்டிக் கேள், இளையவனுக்கே ஆண்டவர் பலமுறை நல்லதை வெளிப்படுத்துகிறார் என்கிறது பெனடிக்டின் மூன்றாம் அதிகாரம். அடுத்த முறை இப்படியொரு மெஷின் விற்க ஆள் வரும்போது, செக்கிங் பெண்களில் இரண்டு பேரையாவது அந்த மேசையில் உட்காரவையுங்கள். எந்தத் துணியில் கேமரா ஏமாறும் என்று விற்கிறவரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களுக்கு அடுத்து என்ன வேலை, என்ன சம்பளம் என்பதையும் அவர்கள் முகத்தைப் பார்த்தே பேசி முடித்துவிடலாம். இதற்கு ஆகிற செலவு ஒரு வேளை டீயும் பன்னும்.