அது மஞ்சள் கரிசலாங்கண்ணி இல்லை

இந்த வாரம் மட்டும் மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே படம் வந்துவிட்டது. நடைபாதை ஓரத்தில் பாய் விரித்தாற்போல் ஒரு செடி, அதன்மேல் மஞ்சள் மஞ்சளாகப் பூக்கள். "சிங்கப்பூரில் இலவசமாகக் கிடைக்கும் மஞ்சள் கரிசலாங்கண்ணி, கல்லீரலுக்கு நல்லது, விடாதீர்கள்" என்று கீழே ஒரு குறிப்பு. தயவுசெய்து அதை நம்பிப் பறிக்காதீர்கள். அந்தப் படத்தில் இருப்பது வேறு செடி.

இதே தவறு எங்கள் வீட்டிலும் நடந்தது. மூன்று வருடங்களுக்கு முன்பு அம்மா மன்னார்குடியிலிருந்து வந்திருந்தார். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் பகுதியில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் கால்வாய்க் கரை முழுக்க இந்தப் பூதான். பார்த்ததும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "ஏண்டி, இத வெச்சுக்கிட்டா தேக்கா மார்க்கெட்டுக்குப் போய்க் காசு கொடுத்துக் கீரை வாங்குறே?" என்று கேட்டு, நான் தடுப்பதற்குள் முந்தானை நிறையப் பறித்துவிட்டார். பாதியைப் பருப்பு போட்டுக் கடைவது, மீதியைத் தலைக்கு எண்ணெய் காய்ச்சுவது என்று திட்டம். பறித்ததே தப்பு என்பது வேறு. இங்கே பூங்காக்களில் அனுமதியில்லாமல் செடி பறித்தால் அபராதம் உண்டு.

வீட்டுக்கு வந்து கீரை ஆய உட்கார்ந்தார். நாலைந்து காம்பு கிள்ளியதும் கை நின்றுவிட்டது. "என்னடி இது, வழவழன்னு இருக்கு? கரிசாலை சொரசொரன்னு இல்ல இருக்கும்?" அவ்வளவுதான். ஒரு இலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நுனி நடுவில் நீண்டிருக்க, இரண்டு பக்கமும் காது மாதிரி இரண்டு துருத்தல். "நம்ம இலையில இது கிடையாது" என்று சொல்லிவிட்டு மொத்தத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டார். கண் ஏமாந்ததை விரல் கண்டுபிடித்தது.

அதன் பிறகுதான் நான் தேடிப் படித்தேன். அம்மா பறித்த செடியின் தாவரவியல் பெயர் ஸ்பாக்னெடிகோலா ட்ரைலோபேட்டா. 'ட்ரைலோபேட்டா' என்றால் மூன்று மடல் கொண்டது. அம்மா வெளிச்சத்தில் பார்த்த அதே அடையாளம்தான் பெயராகவே இருக்கிறது. தோட்ட வேலை செய்பவர்கள் பழைய பெயரில் வெடிலியா என்பார்கள். ஆஸ்திரேலியாவில் இதற்குச் சிங்கப்பூர் டெய்சி என்று பெயர். ஆனால் இது சிங்கப்பூர்ச் செடியே இல்லை. மெக்சிகோ, கரீபியத் தீவுகள், தென் அமெரிக்காவின் வெப்பமண்டலப் பகுதிகள்தான் இதன் தாயகம். மண்ணை மூடி அழகாகப் படரும் என்று பல நாடுகளில் கொண்டுபோய் வைத்தார்கள். தண்டு தரையைத் தொடும் ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். புல் வெட்டும்போது தெறிக்கும் துண்டுகூடப் பிழைத்துக்கொள்ளும். இப்போது உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவு இனங்கள் (வெளியிலிருந்து வந்து உள்ளூர் இனங்களை நெருக்கிப் பரவுபவை) என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தொகுத்த பட்டியலில் இதுவும் ஒன்று.

நம் மஞ்சள் கரிசலாங்கண்ணி, அதாவது பொற்றலைக் கையாந்தகரை, இதே பேரினத்தைச் சேர்ந்த ஸ்பாக்னெடிகோலா கேலண்டுலேசியா. உடன்பிறப்பு என்பதால் பூவின் சாயல் அப்படியே இருக்கும், கொஞ்சம் சிறிதாக. இலைதான் வேறு: குறுகி நீண்டது, பக்க மடல் கிடையாது, தொட்டால் சொரசொரக்கும். வள்ளலார் போற்றிய மூலிகை கரிசலாங்கண்ணி என்பதால் நம் ஆட்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே ஒரு மரியாதை. அந்த மரியாதை வேறொரு செடிக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் என் ஆதங்கம்.

ஒன்று யோசித்துப் பாருங்கள். ஊரில் கீரைக்காரம்மாவிடம் நாம் என்றைக்காவது பூவைப் பார்த்துக் கீரை வாங்கியிருக்கிறோமா? அரைக்கீரை, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி, வல்லாரை எல்லாமே இலையும் காம்பும் பார்த்து, கிள்ளி, முகர்ந்து வாங்கியவைதானே. கைபேசி வந்த பிறகுதான் பூவை மட்டும் அருகில் போய்ப் படம் எடுத்து, செயலியிடமோ குழுவிலோ கேட்கிறோம். மஞ்சளாக, டெய்சி மாதிரிப் பூக்கும் செடிகள் எத்தனையோ இருக்கின்றன. பூவை மட்டும் காட்டிக் கேட்டால் தப்பான பதில்தான் வரும்.

இலையிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. மூன்று மடல் இருந்தால் அது நிச்சயம் கரிசலாங்கண்ணி இல்லை. ஆனால் மடல் இல்லையென்றால் உடனே கரிசலாங்கண்ணி என்றும் முடிவு கட்ட முடியாது. வெடிலியாவிலேயே சில இலைகளில் மடல் சரியாகத் தெரியாது. ஒரு இலையோடு நிறுத்தாமல் கொடி முழுக்கப் பாருங்கள்.

விஷம் என்று பயமுறுத்த நான் வரவில்லை. கரீபியத் தீவுகளில் இந்தச் செடிக்கும் நாட்டு வைத்தியத்தில் இடமுண்டு. ஆனால் நம் வைத்தியர்கள் காமாலைக்கு எழுதி வைத்தது இதைப் பற்றி அல்லவே. காமாலை வந்தவர் மருத்துவரிடம் போகாமல் கால்வாய்க் கரைச் செடியை மோரில் கலந்து குடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? இதை நினைத்துத்தான் நான் குழுக்களில் திரும்பத் திரும்பச் சண்டை போடுகிறேன்.

சீனர்களின் மூலிகை மரபிலும் நம் அசல் செடி இருக்கிறது. வெடிலியா வந்ததும் அசல் செடியின் பெயருக்கு முன்னால் 'தென் அமெரிக்க' என்று சேர்த்து அதைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள். நமக்கு அப்படி ஒரு தனிப் பெயர் புழக்கத்தில் இல்லை. ஊரில் என் அத்தை வீட்டு மொட்டைமாடியிலும் இதே வெடிலியாதான் கரிசலாங்கண்ணி என்ற பெயரில் தொட்டியில் வளர்கிறது. பணம் கொடுத்து ஒரு நர்சரியில் வாங்கியது. தனிப் பெயர் இருந்திருந்தால் விற்றவரும் வாங்கியவரும் ஒரு நொடி யோசித்திருப்பார்கள். என் மகள் இதற்கு 'மூணுமூக்கு' என்று பெயர் வைத்திருக்கிறாள். எங்கள் வீட்டில் அதுதான் இப்போது பெயர். உங்களுக்கு இதைவிட நல்ல பெயர் தோன்றினால் சொல்லுங்கள்.

அப்புறம், செடி என்னவென்று கேட்டு எனக்குப் படம் அனுப்புகிறவர்களுக்கு: பூ வேண்டாம். இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், தண்டில் இலை சேரும் இடம், இந்த மூன்றையும் எடுத்து அனுப்புங்கள். தொட்டால் எப்படி இருக்கிறது என்று ஒரு வரியும் எழுதுங்கள். அம்மாவிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.