ஷ்ரைன் பௌல்: விட்டுப்போன 1965

அமெரிக்காவின் ஷ்ரைனர்ஸ் என்ற தொண்டுச் சங்கம் 1937 முதல் நடத்திவரும் ஷ்ரைன் பௌல் போட்டி பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருந்தது. வட கரோலினா, தென் கரோலினா மாநிலப் பள்ளி மாணவர்கள் மோதும் அமெரிக்கக் கால்பந்து. வசூல் குழந்தைகள் மருத்துவமனைக்கு. நடக்க முடியாத பிள்ளைகளுக்காக மற்ற பிள்ளைகள் ஓடுகிறார்கள், நினைத்தாலே நெஞ்சு நிறைகிறது.

சரி, 1965-ஐ ஏன் விட்டுவிட்டீர்கள்? சார்லட் நகர மாணவர் ஜிம்மி லீ கர்க்பாட்ரிக் அந்த வருடம் அபாரமாக ஆடியும் அணியில் இடம் கிடைக்கவில்லை. அதுவரை கறுப்பின மாணவர் ஒருவரைக்கூட எடுத்ததில்லை. வழக்கறிஞர் ஜூலியஸ் சேம்பர்ஸ் நீதிமன்றம் போனார். அதே நவம்பரில் அவர் வீடு உட்பட நான்கு உரிமைப் போராளிகளின் வீடுகளில் குண்டு வெடித்தது. அப்புறம் 1966-இல்தான் கறுப்பின மாணவர்களுக்குக் கதவு திறந்தது. தயவுசெய்து இதையும் கட்டுரையில் சேருங்கள்.