பேஸ் அளவைச் சொல்லிவிட்டு அப்புறம் பேசுங்கள்

பொம்மை வீரர்களை மேசைமேல் நிறுத்திப் பழங்காலப் போர்களை ஆடுவது என் பொழுதுபோக்கு. இனிமேல் யாராவது என்னிடம் வந்து, "இந்த ரூல்ஸைப் படித்துப் பாருங்கள், பழங்காலப் போர் அப்படியே கண்முன் நிற்கும்" என்று சொன்னால், நான் கேட்கப்போவது ஒரே கேள்விதான். பேஸ், அதாவது பொம்மையை ஒட்டுகிற அடித்தட்டு, எத்தனை மில்லிமீட்டர்? அதைச் சொல்லிவிட்டு அப்புறம் ஹன்னிபாலைப் பற்றிப் பேசலாம்.

என் படையைப் பற்றிச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். 64 மாசிடோனிய வீரர்கள், 28 மி.மீ. உயரப் பொம்மைகள். ஒவ்வொருவன் கையிலும் கம்பியில் செய்த சரிசா, அதாவது ஆளைவிட மூன்று மடங்கு நீளமான ஈட்டி. ஒவ்வொரு கேடயத்திலும் ஒரு சூரியன், பிரஷ் நுனியால் கதிர் கதிராக இழுத்தது. 64 சூரியன்கள்! முதலில் நான் ஆடிய ரூல்ஸில் ஆளுக்கு 20 மி.மீ. சதுரத்தில் தனித்தனி பேஸ். ஒட்டினேன். ஒரு கட்டத்தில் அந்த ரூல்ஸ் அச்சில் இல்லாமல் போனது, ஆடியவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அடுத்துக் கிடைத்த கூட்டாளிகள் ஆடியதோ, 60 மி.மீ. அகல பேஸில் நான்கு பேர் சேர்ந்து நிற்கிற ரூல்ஸ். சரி, பெயர்த்து ஒட்டினால் போயிற்று என்று நினைத்தேன்.

போயிற்றுதான். கத்தி முனையைப் பாதத்துக்கும் பேஸுக்கும் நடுவில் செருகி மெல்ல நெம்ப வேண்டும். சூப்பர் க்ளூ லேசில் விடாது. விடுகிற நேரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். விட்டது பசையா கணுக்காலா என்பது ஆளைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். பதினோரு பேருக்குக் கணுக்கால். இரண்டு பேருக்கு ஈட்டி மணிக்கட்டோடு வந்துவிட்டது. ஒருவனுடைய சரிசா என் கட்டைவிரல் நகத்தடியில் இறங்கியது. அந்தப் படை இதுவரை சிந்தவைத்த ஒரே ரத்தம் என்னுடையதுதான்.

இந்த 60 எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். பிரிட்டனில் வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப் 1969இல் பழங்காலப் போருக்கான தன் முதல் ரூல்ஸை வெளியிட்டது. 15 மி.மீ. பொம்மைக்கு 40, 25 மி.மீ. பொம்மைக்கு 60 என்ற அகலமெல்லாம் அந்தப் பரம்பரையில் வந்து நிலைத்தவை. அந்தக் காலத்து 25 மி.மீ. பொம்மை ஒல்லிக்குச்சி. இன்றைய 28 மி.மீ. ஆசாமியோ ஜிம்மிலிருந்து நேராக வந்தவன் மாதிரி தோளை அகட்டிக்கொண்டு நிற்கிறான். 60க்குள் நான்கு பேரை நிறுத்தினால் ஒருவன் கேடயம் அடுத்தவன் விலாவில் இடிக்கிறது. என் சூரியன்களில் பாதி உராய்ந்தே போனது அப்படித்தான்.

அதோடு விட்டதா? இரண்டு படைகள் மோதும்போது பேஸும் பேஸும் ஒட்டி நிற்க வேண்டும் என்பது பெரும்பாலான ரூல்ஸில் விதி. என் ஆட்கள் ஈட்டியை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் எதிரியின் பேஸ் கிட்டவே வர முடியாது. ஃபாலாங்ஸில், அதாவது நெருக்கியடித்து நிற்கிற ஈட்டி அணியில், முதல் ஐந்து வரிசைகளின் ஈட்டி முனைகள் வெளியே நீண்டிருக்கும், ஒவ்வொரு ரோமானிய வீரனும் பத்து முனைகளை எதிர்கொள்ள வேண்டும் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதிவைத்திருக்கிறார். அந்த ஈட்டிக் காட்டை மேசையில் பார்க்கத்தான் இந்தப் படையையே எடுத்தேன். கடைசியில் பேஸ் ஒட்ட வேண்டும் என்பதற்காக, இடுக்கி வைத்து 64 ஈட்டிகளையும் மேல்நோக்கி வளைத்து நிமிர்த்தினேன். காலுக்குச் செருப்பா, செருப்புக்குக் காலா?

ரூல்ஸை வாங்குவதற்கு முன்னால் நாலு பேரைக் கேட்கக்கூடாதா என்பீர்கள். கேட்டேன். நாலு பேரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது." எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கு நன்றாகவே தெரியும், ஐயா. எனக்கு கைனோசெஃபாலே வேண்டும்.

கி.மு. 197இல் ரோமானியர்களும் மாசிடோனியர்களும் மோதிய இடம் அது. மாசிடோனிய மன்னர் ஐந்தாம் பிலிப்பின் வலதுபக்க ஃபாலாங்ஸ் மேட்டிலிருந்து இறங்கி ரோமானிய இடதுபக்கத்தைத் தள்ளிக்கொண்டே போகிறது. மறுபக்கம் இன்னும் அணிவகுத்து முடியாத மாசிடோனியர்கள்மேல் ரோமானியத் தளபதி ஃபிளாமினினஸ் யானைகளோடு பாய்ந்து சிதறடிக்கிறார். அங்கே ஜெயித்துக்கொண்டிருந்த ஒரு ரோமானிய அதிகாரி, சுமார் இருபது மானிப்பிள்களை, அதாவது சிறு படைப் பிரிவுகளை, திருப்பி அழைத்துக்கொண்டு போய், பிலிப்பின் ஃபாலாங்ஸை முதுகில் அடிக்கிறார். அந்த அதிகாரியின் பெயரைக்கூடப் பொலிபியஸ் சொல்லவில்லை. மேலிடத்து உத்தரவு எதுவும் கிடையாது, அவராகவே எடுத்த முடிவு.

இதை எந்த ரூல்ஸ் தரும்? டிபிஏ என்கிற ரூல்ஸ் 1990இல் வந்தது. ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டே பேஸ், ஒரு மணி நேரத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும். ஒரு பகடையை உருட்டி, விழுந்த எண்ணுக்கு ஏற்பத்தான் படைகளை நகர்த்த முடியும். அருமையான யோசனை, மறுக்கவில்லை. ஆனால் அதிலும் அந்தப் பெயரில்லாத அதிகாரி நானேதான், மேலேயிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிற நான். பகடையில் ஐந்து விழுந்தால் மேதை, ஒன்று விழுந்தால் மண்ணாந்தை. அப்புறம் அதை எழுதிய ஃபில் பார்க்கரின் ஆங்கிலம். ஒரே வாக்கியத்துக்குள் நாலு நிபந்தனை, மூன்று விதிவிலக்கு. அந்த நடைக்கு 'பார்க்கரீஸ்' என்று உலகம் முழுக்க ஒரு பட்டப்பெயரே இருக்கிறது. ஒரு கமாவுக்காக இரண்டு பேர் அரைமணி நேரம் வாதாடியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தடித் தடியான விதிநூல்கள் இன்னொரு வகை. அட்டவணைக்குப் பின்னால் அட்டவணை. ரோமானியர்களின் மூன்று வரிசைகள், முன்னால் நிற்பவன் களைத்ததும் பின்னால் நிற்பவன் எப்படி இடம் மாற்றிக்கொண்டான்? வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை அடித்துக்கொள்கிற கேள்வி இது. ஹாப்லைட்டுகள் என்கிற கிரேக்கக் காலாட்கள் உண்மையிலேயே கேடயத்தால் முட்டித் தள்ளினார்களா, அது வெறும் பேச்சு வழக்கா என்பதிலும் அதே சண்டை. ரூல்ஸ் எழுதுகிறவருக்கு மட்டும் சந்தேகமே கிடையாது, பகடை எண்ணோடு கூட்டல் கழித்தல்தான். பிளஸ் 1. மழையில் மைனஸ் 1. பக்கத்தில் தளபதி நின்றால் இன்னொரு பிளஸ் 1. நேரில் போய் நின்று பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி.

போட்டி ஆட்டங்களைப் பற்றி ஒரு வரி போதும். ஆடத் தகுந்த படைகளின் பட்டியலில் கி.மு. 3000 முதல் கி.பி. 1500 வரை எல்லோருக்கும் இடம் உண்டு. என் மாசிடோனியர்கள் எதிரில் ஒருமுறை கவசம் பூட்டிய இடைக்கால ஐரோப்பியக் குதிரை வீரர்கள் வந்து நின்றார்கள். பேசாமல் ஆடிவிட்டு வந்தேன்.

பேசாமல் இருக்க முடியாத ஆட்டம் ஒன்று உண்டு. எதிரில் ஆடியவர் வயதில் சின்னவர், மரியாதையானவர், "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். என் குதிரைப்படை அவருடைய வரிசையைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் பாயப்போகிறது. அவர் ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார், குனிந்தார், ஒரு கண்ணை மூடிக்கொண்டார். "அண்ணே, உங்க மூலை என் பேஸோட முன்கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் இந்தப் பக்கம் இருக்கு. அப்ப இது முன்பக்கத் தாக்குதல்தான்." நானும் குனிந்து பார்த்தேன். இரண்டு தலைகளும் மேசைமேல் இடித்துக்கொள்ளாத குறை. பேஸில் ஒட்டியிருந்த புல் தூளையும் சேர்த்து அளப்பதா, கூடாதா என்று அடுத்த சர்ச்சை. இரண்டாயிரம் குதிரை வீரர்கள் புழுதி கிளப்பிக்கொண்டு வருகிற காட்சி என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மேசைமேல் நடந்தது ஜியோமெட்ரி பரீட்சை.

அளவுகோலே வேண்டாம் என்கிற ரூல்ஸும் இருக்கிறது. 'டு தி ஸ்ட்ராங்கஸ்ட்' என்பதில் மேசையைக் கட்டங்களாகப் பிரித்து, பகடைக்குப் பதிலாகச் சீட்டு எடுத்து ஆடுவார்கள். ஒரு படையை மறுபடி நகர்த்த வேண்டுமானால் முந்தைய சீட்டைவிடப் பெரிய எண் வர வேண்டும். இன்னொரு முறை துணிவதா, இருந்த இடத்தில் நிற்பதா என்று வயிறு கலங்கும். அந்தக் கலக்கம் எனக்குப் பிடிக்கும். பேஸ் கட்டத்துக்குள் அடங்கினால் போதும், எந்த அளவாக இருந்தாலும் சரி. இதைவிட என்ன வேண்டும்? கூட ஆட ஆள் வேண்டும். "கட்டம் போட்டா செஸ் மாதிரி இருக்கே" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்குக் கண்ணை மூடிப் பார்க்கிறவர்களுக்குக் கட்டம்தான் யதார்த்தத்தைக் கெடுக்கிறதாம்! நல்ல ரூல்ஸ் கிடைத்தால் ஆள் இல்லை, ஆள் கிடைத்தால் அந்த ஆள் ஆடுவது வேறு ரூல்ஸ். நாயைக் கண்டால் கல்லைக் காணோம்.

ஆகவே, தோற்று, இப்போதைய கூட்டாளிகளின் ரூல்ஸுக்கே மாறிவிட்டேன். பதினாறு பேஸ்களையும் புல், மண் சகிதம் ஒட்டி, பிசின் காய்ந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். நேற்று நண்பரிடமிருந்து மெசேஜ்: "புதுப் பதிப்பு வரப்போகுதாம் அண்ணே. பேஸ் ஆழத்தை மாத்துறாங்கன்னு பேச்சு."

கைனோசெஃபாலேயில் கடைசியாக நடந்ததைச் சொல்லவில்லையே. தோல்வி உறுதியானதும் மாசிடோனியர்கள் ஈட்டிகளைச் செங்குத்தாக உயர்த்திப் பிடித்தார்கள். அவர்கள் வழக்கத்தில் அது சரணடைகிறோம் என்பதற்கான அடையாளம். ஃபிளாமினினஸுக்கு அது முதலில் புரியவில்லை; புரிந்து, விட்டுவிடலாம் என்று அவர் நினைப்பதற்குள் அவருடைய ஆட்கள் வெட்டத் தொடங்கிவிட்டார்கள்.

இதோ அலமாரியில் என் 64 பேரும் நிற்கிறார்கள், ஈட்டிகளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு. கத்தியை எங்கே வைத்தேன் என்றுதான் தெரியவில்லை.